தலை கழற்றும் காட்சி

காலை 11:40.

தலை ஐந்து துண்டாகத் தரையில் கிடந்தது. பக்கத்தில் ஒரு சுத்தியல்.

முதலில் பார்த்தவள் ஒப்பனைக்காரி. ஐம்பது வயது. முப்பது வருஷமாக அடுத்தவர் முகத்தில் வேலை செய்து எதற்கும் அசராத பழக்கம் வந்துவிட்டது. அலறவில்லை. ஒப்பனை அறை வாசலில் நின்று மாடியைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"கடிகாரம், கொஞ்சம் இறங்கி வா. அது செத்துப்போச்சு."

கடிகாரம் என்பது மேடை நிர்வாகியின் பட்டப்பெயர். யார் எப்போது உள்ளே வரவேண்டும், எந்த விளக்கு எப்போது அணைய வேண்டும் என்பதெல்லாம் அவள் பொறுப்பு. கையில் எப்போதும் ஒரு நோட்டு. நடப்பதையெல்லாம் நேரம் போட்டு எழுதிவிடுவாள். பால் பொங்கினாலும் மணி பார்த்துத்தான் அடுப்பை அணைப்பாள் என்று அவள் கணவர் கேலி செய்வார்.

அது என்பது நாடகத்தின் மிருகம். ஓர் ஊர் தன் தப்புகளையெல்லாம் இல்லாத ஒரு மிருகத்தின் மேல் போடுகிறது. கடைசியில் அது நிஜமாகவே வந்து நிற்கிறது. பேசாது. ஊரைப் பார்க்கும். நான்கு மணிக்கு முதல் காட்சி. டிக்கெட் எல்லாம் விற்றாகிவிட்டது.

கடிகாரம் மண்டியிட்டாள். காகிதமும் பசையும் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த தலை, பெரிய குடம் அளவு. பெரிய துண்டில் தொங்கும் கண்ணும் இடது காதும் சேர்ந்திருந்தன. இன்னொன்றில் தாடை. மற்ற மூன்றும் உருத்தெரியவில்லை. ஒரு துண்டு குப்புற விழுந்து உள்பக்கம் காட்டியது. உள்காகிதம் வெள்ளை வெளேர் என்று இருந்தது.

அலமாரி திறந்திருந்தது. பூட்டு உடையவில்லை. தலையை மூடி வைக்கும் கறுப்புத் துணியைக் காணவில்லை.

"சத்தம் கேக்கலையா?"

"காகிதத்துக்கு என்ன சத்தம் வரும்? நான் பக்கத்து அறையிலதான் விக் சீவிட்டிருந்தேன். ஏதோ பெட்டியை நகர்த்தறாங்கன்னு நினைச்சேன்."

"எத்தனை மணிக்கு?"

"உன்னை மாதிரி நான் என்ன மணி பார்த்துட்டா இருக்கேன்? பதினொண்ணு இருக்கும். முன்னே பின்னே."

கடிகாரம் எழுதினாள்.

"பூட்டுக்கு ரெண்டே சாவி. ஒண்ணு என் கொத்துல. இன்னொண்ணு..." நிறுத்திக்கொண்டாள்.

ஒப்பனைக்காரி தரையைப் பார்த்தாள். இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். தலையைச் செய்தவனிடம். கடிகாரத்தின் தம்பியிடம்.

தம்பியை எல்லோரும் பசை என்பார்கள். பத்து விரலிலும் எப்போதும் பசை காய்ந்து உரிந்துகொண்டிருக்கும். எட்டு மாதம் அந்த ஒரு தலையோடு இருந்தான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் அது பொம்மை என்று சொல்லி ஒரு கண்ணைத் தொங்கவிட்டான். அதைப் பார்க்கும் எவருக்கும் அந்தக் கண் தன்னை மட்டும் பார்ப்பதாகத் தோன்றும்.

அவனுக்கு ஒரு விதி இருந்தது. தலையை அணிபவர் அதை ஒரு பொருளாகப் பார்க்கவே கூடாது. அணிபவர் கடிகாரத்தின் கணவர். கண்ணாடி முன்னால் கண்ணை மூடி உட்கார வேண்டும். பசைதான் அலமாரியைத் திறந்து, துணியோடு தலையை எடுத்து, துணியை நீக்கி மாட்டிவிடுவான். பிறகு கண்ணைத் திறக்கலாம். கழற்றும்போதும் அப்படித்தான். "உங்களுக்கு அது முகமூடியா தெரியக் கூடாது மாமா. உங்க முகமாத்தான் தெரியணும்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். கணவர் மட்டும் சிரிக்காமல் கண்ணை மூடிக்கொள்வார். புகைப்படத்துக்கும் அனுமதி இல்லை. சுவரொட்டியில்கூட நிழல்தான்.

11:48. இயக்குநர் வந்தார். துண்டுகளைப் பார்த்தார். உட்கார்ந்தார். எழுந்தார்.

"அவன் எங்கே?"

"வெளியே போயிருக்கான் சார்."

"போவான். சொன்னதைச் செஞ்சுட்டுப் போயிருக்கான்."

அவன் சொன்னதை முற்றத்தில் எல்லோரும் கேட்டிருந்தார்கள். நோட்டில் இருந்தது. 10:20, வாக்குவாதம்.

கடைசிக் காட்சியில் ஊரார் மிருகத்தின் தலையைக் கழற்ற வேண்டும், உள்ளே ஒரு மனிதமுகம் தெரிய வேண்டும் என்று இயக்குநர் இன்று காலை திடீரென்று முடிவு செய்தார். பசை குதித்தான். "கழட்டினா அது மிருகம் இல்ல சார், வேஷம். உள்ளே பாவம் ஒரு மனுஷன்னு சொல்லி ஜனங்களை வீட்டுக்கு அனுப்பறதுக்கா எட்டு மாசம் உழைச்சேன்? அதுக்கு நானே அதை உடைச்சுப் போட்டுடுவேன்." 10:30க்கு வாசலைத் தாண்டிப் போய்விட்டான்.

11:55. பசை திரும்பி வந்தான். கூட்டத்தைப் பார்த்தான். தரையில் என்ன கிடக்கிறது என்று ஒரு கணத்தில் புரிந்துகொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான்.

"துணி போட்டு மூடுங்க."

"பாருடா," என்றார் இயக்குநர். "செஞ்சவனே பார்க்க மாட்டேங்கிறான்."

"என்னால முடியாது சார்."

"உடைக்க மட்டும் முடிஞ்சுதா?"

"நான் உடைக்கலை."

கடிகாரத்தின் கணவர் கூட்டத்தை விலக்கி வந்து பசையின் தோளில் கை போட்டார். நாற்பத்தைந்து வயது, மெலிந்த உடம்பு. எங்கோ பார்த்திருக்கிறோமே என்று எல்லோரும் நினைக்கும், யாருக்கும் எங்கே என்று நினைவு வராத முகம்.

"விடு மாப்ள. கோபம் வந்தா யாருக்குமே கண்ணு மண்ணு தெரியாது. இங்க யாரும் உன்னைத் தப்பா நினைக்க மாட்டோம்."

"மாமா, நான் உடைக்கலைன்னு சொல்றேன்."

"சரி சரி. இப்ப எதுக்கு அது?"

இயக்குநர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு மணிக்கு வாசல்ல பலகை வைக்கணும், காட்சி ரத்துன்னு. அப்ப இவன் பேரைச் சொல்லித்தான் வைப்பேன். போலீஸுக்கும் எழுதிக் கொடுப்பேன். அதுக்கப்புறம் இந்தப் படியை மட்டுமில்ல, எந்த மேடையோட படியையும் இவன் மிதிக்க முடியாது."

"ரெண்டு மணி வரைக்கும் எனக்கு விடுங்க சார்," என்றாள் கடிகாரம்.

"உன் தம்பிங்கறதாலயா?"

"சாவி ரெண்டு. அதுல ஒண்ணு என்னுது. நானும் சந்தேகத்துல இருக்கேன் இல்லையா?"

இயக்குநர் கையை உதறிவிட்டு வெளியே போனார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டாள். அம்மா போனபோது தம்பிக்குப் பதினொரு வயது. அவனுக்குத் தலை சீவிப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள். பொய் சொல்லும்போது அவன் கண்ணை நேராகப் பார்ப்பான், உண்மை சொல்லும்போதுதான் சுவரைப் பார்ப்பான் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அதை நோட்டில் எழுத முடியாது.

12:10. முதலில் தம்பி.

"தலையை எப்ப கடைசியா பார்த்தே?"

"பத்து பத்து. உதட்டுல கொஞ்சம் சாயம் உரிஞ்சிருந்துச்சு. தொட்டு வெச்சேன். துணி போட்டேன். பூட்டினேன்."

"சாவி?"

அவன் சட்டைக்குள்ளிருந்து கயிற்றை இழுத்துக் காட்டினான். கயிறு பசை படிந்து கழுத்தோடு ஒட்டியிருந்தது. அறுக்காமல் எடுக்க முடியாது.

"எங்கே போனே?"

"நடந்தேன்."

"யாராவது பார்த்தாங்களா?"

"அக்கா, தனியா இருக்கணும்னுதானே போனேன். சாட்சி கூட்டிட்டா போவாங்க?"

12:20. விளக்குக்காரர். மாடியில் விளக்கறையில் இருந்தார்.

"நீயும் நானும் ஒன்பதே காலிலிருந்து இங்கதானேம்மா இருந்தோம். முப்பத்தொண்ணாம் விளக்கோட மல்லுக்கட்டிட்டு. அந்தத் தொங்குற கண்ணுக்காக ஏணியில ஏறி ஏறி என் முட்டி ரெண்டும் தேஞ்சுபோச்சு. இப்ப கண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"நான் இறங்கவே இல்லையா?"

"கூப்பிடற வரைக்கும் இல்ல. நடுவுல உன் வீட்டுக்காரர் உன் மூக்குக் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தார். குறிப்பு தெரியலைன்னு புலம்பிட்டிருந்தியே."

உண்மைதான். கண்ணாடியைக் கீழே தன் மேஜைக்குள் வைத்துவிட்டு வந்திருந்தாள். அவர் கொண்டுவந்து தந்து, துடைத்தும் தந்தார். விளக்குக்காரர் அப்போது சிரித்தார்: "கல்யாணமாகி பதினெட்டு வருஷத்துக்கு அப்புறமும் இப்படியா? என் வீட்டுல தெரிஞ்சா எனக்குச் சோறு கிடையாது."

12:30. வாசல்காரர். கம்பி வைத்த கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, ஒரு பதிவேடு. நடிகர்கள் மேடைப் பொருள்களை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள் என்று சென்ற வருஷத்திலிருந்து எல்லாப் பையையும் சோதிப்பார்.

"காலையிலிருந்து வெளியே போனது யார்?"

"உங்க தம்பி மட்டும்தாம்மா. வெறுங்கையோட. முகத்தைப் பார்த்ததும் கையெழுத்துக்கூட கேக்கலை."

"உள்ளே வந்தவங்க?"

"ஆளு எல்லாம் வழக்கமான ஆளு. ஒன்பது அம்பதுக்கு உங்க வீட்டுக்காரர் துணி மூட்டையோட வந்தார். பதினொண்ணேகாலுக்கு அதைக் கொண்டாந்து இங்க வெச்சுட்டார், சாயங்காலம் எடுத்துக்கறேன்னு." கால்மாட்டைக் காட்டினார். முடிச்சுப் போட்ட பெரிய மூட்டை. "வழக்கமா மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இதுக்குப் பக்கத்துல உக்காரணும். அந்த மெத்தை உடுப்பு அப்படி வேர்க்கும்போல. அதனாலதான் நான் பிரிச்சுப் பார்க்கறதே இல்ல. இன்னைக்கு தேவலாம்."

கடிகாரம் மூட்டையைப் பார்த்தாள். மிருகத்தின் உடம்புக்குள் அணியும் மெத்தை உடுப்பு இரண்டு உண்டு. ஒன்று இங்கே கொக்கியில் தொங்கும். இன்னொன்றை நேற்று ராத்திரி அவளே துவைத்துப் போட்டாள். காலையில் அவள் கிளம்பும்போது கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

எழுதினாள்: 9:50, மூட்டை. பென்சில் நின்றது. மேலே எழுதவில்லை.

12:45. ஒப்பனை அறைக்குத் திரும்பினாள். கணவர் அங்கே உட்கார்ந்திருந்தார், கண்ணாடிக்கு முன்னால், தன் வழக்கமான இடத்தில். கண்ணாடி ஓரத்தில் அவருடைய கோட்டோவியங்கள் செருகியிருந்தன. விதவிதமான உறுமல், விதவிதமான கண். ஒத்திகை இடைவேளைகளில் தலையோடு உட்கார்ந்து வரைவார். முகத்தைப் பழகிக்கொள்கிறேன் என்பார்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"இல்ல."

"தம்பியைப் பத்திக் கவலைப்படாதே. நான் சார்கிட்ட பேசறேன். ஒரு மன்னிப்புக் கேட்டுட்டான்னா..."

"அவன் செஞ்சானான்னே தெரியலையே."

"உனக்குத் தெரியலை," என்றார் மெதுவாக. "மத்தவங்களுக்குத் தெரியும்."

அவர் போனபிறகு துண்டுகளைப் பொறுக்கி ஒரு தட்டில் வைத்தாள். பெரிய துண்டு கையில் கனக்கவே இல்லை. ஏனென்று தெரியாமலே அதைத் தூக்கித் தன் முகத்தில் வைத்துப் பார்த்தாள், அணிவது போல. தொங்கும் கண்ணின் துளை அவளுடைய இடது கண்ணுக்கு வந்தது. காகிதக் காது அவளுடைய இடது காதில் உட்கார்ந்தது.

சற்று நேரம் அப்படியே நின்றாள்.

பிறகு நோட்டைப் பிரித்தாள். காலை முழுக்க மல்லுக்கட்டிய வரி அவள் கையெழுத்தில் இருந்தது. 'விளக்கு 31. மேடை வலமிருந்து. அதன் தொங்கும் கண்ணில் விழணும்.' மேடையில் வலது இடது என்றால் பார்வையாளரைப் பார்த்து நிற்பவரின் வலது இடது. அதில் ஒருநாளும் ஒருவரும் குழம்ப மாட்டார்கள். விளக்கு வலமிருந்து வர வேண்டும். ஏனென்றால் அதன் தொங்கும் கண் வலது கண்.

துண்டின் உள்பக்கத்தைத் தொட்டாள். வெள்ளைக் காகிதம். ஆறு வார ஒத்திகையில் ஒருவர் வியர்த்துக் கொட்டிய தலை உள்ளே வெள்ளையாகவா இருக்கும்?

தம்பி முற்றத்தில் குழாயடியில் குந்தியிருந்தான். துண்டை அவன் மடியில் வைத்தாள்.

"பாரு."

"வேண்டாம்க்கா."

"நான் சொல்றேன். பாரு."

பார்த்தான். உடைந்த விளிம்பை நகத்தால் கீறினான். ஓர் அடுக்கு உரிந்து வந்தது. இன்னொன்று. இன்னொன்று. அவ்வளவுதான்.

"மூணே அடுக்கு," என்றான். "நான் ஏழு ஒட்டுவேன். அக்கா, இது என் தலை இல்ல. எவனோ கடை பொம்மை பண்றவன் பண்ணியிருக்கான்."

"வாயை மூடிட்டு இரு. ரெண்டு மணி வரைக்கும்."

"உடைக்கலையா அப்ப? அது இருக்கா?" எட்டு வயதுப் பையனைப் போல அவள் கையைப் பிடித்தான். "எங்கேக்கா?"

அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

1:15. இயக்குநர், ஒப்பனைக்காரி, விளக்குக்காரர், கணவர். நான்கு பேரிடமும் ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுத்தாள்.

"அதோட முகத்தை வரைஞ்சு கொடுங்க. ஒரு நிமிஷம். மறுபடி செய்யணும்னா எல்லார் ஞாபகமும் வேணும்."

"எனக்கு வட்டமே வராது," என்றார் விளக்குக்காரர்.

"கோணலா வரைங்க. அது அழகன் ஒண்ணும் இல்லையே."

விளக்குக்காரர் உருளைக்கிழங்கு மாதிரி ஒன்று வரைந்தார். இயக்குநர் முறைத்துக்கொண்டே வரைந்தார். ஒப்பனைக்காரி கவனமாக, புருவத்திலிருந்து தொடங்கினாள். கணவரின் கைக்கு யோசனையே தேவைப்படவில்லை. பதினைந்து விநாடியில் தாளில் அது உயிரோடு நின்றது.

"எவ்வளவு நல்லா வரையறீங்க," என்றாள் கடிகாரம்.

"மணிக்கணக்கா கண்ணாடி முன்னாடி உக்கார்றேன். பின்னே?"

தாள்களை வாங்கிக்கொண்டாள்.

1:45. எல்லோரையும் மேடைக்கு வரச்சொன்னாள். வாசல்காரர் மூட்டையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். கணவர் அதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அழுக்குத் துணியை எதுக்கும்மா இங்கே?"

"சொல்றேன், உக்காருங்க."

அவர் உட்காரவில்லை.

"சார், அங்க உடைஞ்சு கிடக்கறது அது இல்ல. அது மாதிரி இன்னொண்ணு. அதுக்குத் தொங்கறது வலது கண். உடைஞ்சதுக்கு இடது கண். தம்பி ஏழு அடுக்கு ஒட்டுவான். இது மூணு."

இயக்குநர் பசையைப் பார்த்தார்.

"உங்க நாலு பேரோட படமும் இதோ." தாள்களைத் தரையில் வரிசையாக வைத்தாள். "மூணு படத்துல தொங்கற கண் தாளோட இடது பக்கம் இருக்கு. எதிர்ல நின்னு பார்த்தா அதோட வலது கண் நமக்கு இடது பக்கம்தானே தெரியும்? இந்த மூணு பேரும் அதை எதிர்ல நின்னு பார்த்தவங்க."

நான்காவது தாளைக் காலால் சற்று முன்னே தள்ளினாள்.

"இதுல வலது பக்கம். இப்படிப் பார்த்த ஆள் ஒருத்தர்தான். கண்ணாடியில நம்ம வலது கண் நமக்கு வலது பக்கமே தெரியும். அதை அப்படியே வரைஞ்சு ஒரு பொம்மைக்காரர்கிட்ட கொடுத்தா, அவர் எதிர்ல நிக்கற முகம்னு நினைச்சுத்தான் செய்வார். கண் பக்கம் மாறிடும். செஞ்சு வந்த தலையை எதிர்ல வெச்சுப் பார்த்தா, வரைஞ்சவருக்கு வித்தியாசமே தெரியாது. கண்ணாடியில பார்த்த மாதிரியே இருக்கும். போட்டுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

ஒப்பனைக்காரி "அடப்பாவி" என்றாள், மூச்சுக்குள்.

"சாவி?" என்றார் இயக்குநர்.

"என்னுது. என் மேஜை பூட்டியிருக்கும். மூக்குக் கண்ணாடி அதுக்குள்ள. பத்து நாப்பதுக்கு விளக்கறையிலிருந்து சாவிக்கொத்தைக் கீழே போட்டேன். பத்து அம்பத்தஞ்சுக்குக் கண்ணாடியும் கொத்தும் திரும்பி வந்துச்சு. இந்த நோட்டுல இன்னைக்குத் தச்சர் தும்மினதுகூட இருக்கு. அது இல்ல." நோட்டை மூடினாள். "புருஷன்கிட்ட சாவி கொடுக்கறதை யாராவது எழுதி வைப்பாங்களா?"

பசை மூட்டையின் முடிச்சை அவிழ்த்தான். இரண்டு பழைய போர்வை. நடுவில் கறுப்புத் துணி. துணியை விலக்காமல் அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"திருடணும்னா எடுத்துட்டுப் போயிருக்கலாமே," என்றார் இயக்குநர் கணவரிடம். "எதுக்கு இன்னொண்ணு செஞ்சு, அதை உடைச்சு?"

கணவர் ஒத்திகையில் பேசுவது போலத் தெளிவாகச் சொன்னார்.

"காணாமப் போனா தேடுவாங்க. உடைஞ்சுபோனா அழுதுட்டு விட்டுடுவாங்க."

"போன வாரம் ஒத்திகை பார்க்க வந்தாங்களே, பெரிய குழுவிலிருந்து ரெண்டு பேர்," என்றாள் கடிகாரம். "அவங்களுக்குப் பிடிக்கலைன்னு சொன்னீங்க."

"பிடிச்சிருந்துச்சு. என்னை இல்ல. முகத்தோட வா, ஊர் ஊரா போகலாம்னாங்க. முகம் உங்களுதுதானேன்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன்." அவர் தாள்களைத் தாண்டி ஓரடி முன்னே வந்தார். "இருபத்திரண்டு வருஷம். மூணாவது ஊர்க்காரன். ரெண்டாவது காவலாளி. நாலு தடவை பிணம். தெருவுல ஒருத்தர் என்னைப் பார்த்து நின்னதில்லை. அந்தத் தலையைப் போட்ட அன்னைக்கு இந்தக் கூடமே மூச்சை அடக்கிட்டு என்னைப் பார்த்துச்சு."

"உங்களை இல்ல மாமா," என்றான் பசை. தலை நிமிரவில்லை. "அதை."

"தம்பி தோள்ல கை போட்டீங்களே," என்றாள் அவள். "யாரும் தப்பா நினைக்க மாட்டோம்னு. அதையும் வீட்டுலயே யோசிச்சுட்டு வந்தீங்களா?"

அவர் மூட்டைப் பக்கம் திரும்பினார்.

"அலமாரியிலிருந்து எடுத்தீங்களே, அப்பவாவது துணியை விலக்கி அதைப் பார்த்தீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"பயமா இருந்துச்சு."

அவள் தலையசைத்தாள். கேட்க இன்னும் ஒன்றுதான் இருந்தது. அது விசாரணையைச் சேர்ந்ததில்லை. எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"அந்தக் குழுவிலிருந்து எத்தனை ரயில் டிக்கெட் அனுப்பினாங்க?"

அவர் கீழே கிடந்த நான்கு படங்களையும் பார்த்தார்.

"ஒண்ணு."

1:58. அவள் மணி பார்த்தாள். பழக்கம்.

இயக்குநர் நெற்றியைத் தேய்த்தார். "ரெண்டு மணி ஆகுது. இந்த ஆளோட எப்படிக் காட்சி நடத்தறது?"

"வேற யாருக்கும் தலை பொருந்தாது," என்றான் பசை. "மாமா தலைக்கு அச்சு எடுத்துச் செஞ்சது." எழுந்தான். "நடத்துங்க சார். கடைசிக் காட்சியில உங்க இஷ்டப்படியே கழட்டுங்க. நான் காலையில சொன்னது தப்பு."

"எது?"

"கழட்டினா அது மிருகம் இல்லைன்னு சொன்னேனே. அது."

3:40. ஒப்பனை அறை. கணவர் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து வழக்கம்போல் கண்ணை மூடினார்.

"வேண்டாம் மாமா," என்றான் பசை. "இந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க. கண்ணைத் திறங்க."

துணியை எடுத்துத் தலையை அவருக்கு நேராகப் பிடித்தான். ஆறு வாரத்தில் முதல்முறையாக அவர் அதை எதிரில் பார்த்தார். தொங்கும் கண் அவருக்குப் பழகிய பக்கத்தில் இல்லை. நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். பசை தலையை மாட்டி, பின்னால் வாரை இழுத்துக் கட்டினான். வழக்கமாக "இறுக்கமா இருக்கா மாமா?" என்று கேட்பான். கேட்கவில்லை.

5:31. கடிகாரம் தன் மேஜையில், திரைக்குப் பக்கத்தில். முப்பத்தொன்றாம் விளக்கு வலமிருந்து விழுந்தது. கூடம் மூச்சை அடக்கியது. ஊரார் நெருங்கினார்கள். தலையில் கை வைத்தார்கள். கழற்றினார்கள்.

உள்ளே வியர்த்த, மெலிந்த, யாருக்கும் நினைவில் நிற்காத ஒரு முகம். வெளிச்சம் தாங்காமல் கண்ணைச் சிமிட்டியது.

முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது கடிகாரத்துக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஐயோ, பாவம். மனுஷன்தாண்டி."

பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கைதட்டல் எழும்பியது. அது இதுவரை இந்தக் கூடத்தில் கேட்டிராத கைதட்டல். அவர் அதற்குள் நின்றுகொண்டிருந்தார். மொத்தக் கூடமும் அவரை, அவரை மட்டும், பார்த்துக்கொண்டிருந்தது.

குறிப்பில் விளக்கு இன்னும் எட்டு விநாடி எரிய வேண்டும். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு விநாடிகூடப் பிசகியதில்லை அவள்.

விளக்கை அணைத்தாள்.

இருட்டில் பென்சிலைத் தடவி எடுத்து எழுதினாள். 5:31. சாவி திரும்ப வாங்கணும். வீட்டுச் சாவி.